பூ மார்க்கெட்டில் பவுச்டிபி: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த ஆப் சில வருஷங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. எடை, பில், விவசாயிகளின் பற்று வரவு எல்லாம் அதில்தான். முன்பக்கத் திரைகளுக்கு ரியாக்ட், போனுக்குள் டேட்டாவை வைக்கப் பவுச்டிபி என்ற டேட்டாபேஸ், சர்வரில் அதோடு ஒத்துப்போகும் கவுச்டிபி என்ற டேட்டாபேஸ். ஆஃப்லைனில் வேலை செய்யும் ஆப் எழுத உட்காருகிறவர்கள் இந்த ஜோடியைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே வேலை மறுபடி வந்தால் இதே ஜோடியைத்தான் எடுப்பேன். ஆனால் இது டேட்டாவைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். சேர்ந்த இடத்தில் கணக்கு சரியாக இருக்குமா என்பது டேட்டாவை நாம் என்ன வடிவத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது.

கடையின் நிலவரத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். மல்லி மொட்டாகவே வந்து இறங்க வேண்டும். விடிவதற்கு முன் பறிக்கத் தொடங்குவார்கள், சாயங்காலம் மலர்ந்துவிடும், அப்புறம் அதற்கு விலையில்லை. உசிலம்பட்டி, திருமங்கலம், அலங்காநல்லூர் பக்கமிருந்து பூ வருகிறது. வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் ஒரு ஏஜெண்டு ஊர் ஊராகப் பூவை எடை போட்டு, சீட்டு கொடுத்து, வண்டியில் ஏற்றிவிடுகிறார். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கடைக்குள் வைஃபை உண்டு. முகூர்த்த நாள் காலையில் அதுவும் தடுமாறும். சித்திரைத் திருவிழா சமயத்தில் மொபைல் நெட் நகரவே நகராது. நெட் வரட்டும் என்று தராசுக்கு முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

இதற்கு முன் கடையில் வேறொரு நிறுவனம் போட்டுக் கொடுத்த ஆப் இருந்தது. 'சேமி' தட்டினால் நேராகச் சர்வருக்குப் போகும், பதில் வரும்வரை வட்டம் சுற்றும். பிரச்சினை வட்டம் சுற்றியதில் இல்லை. கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து எடை பதிவாகியிருக்கும், திரும்பி வரவேண்டிய பதில் வழியில் அறுந்திருக்கும். திரையில் பிழை என்று வரும், எடை போடுகிற பையன் மறுபடி தட்டுவான். ஒரே 4.250 கிலோ ஒரே விவசாயியின் பெயரில் இரண்டு தரம் ஏறிவிடும். மாலையில் பணம் பட்டுவாடா செய்யும்போதுதான் வெளிவரும், அதற்குள் பூ கைமாறி எங்கேயோ போயிருக்கும்.

பவுச்டிபியில் இந்தச் சிக்கலுக்கு வழி அடியிலேயே இருக்கிறது. எழுதுவது முதலில் போனுக்குள், பிரவுசர் தன்னிடமே வைத்திருக்கும் இண்டெக்ஸ்டுடிபி என்ற சேமிப்பிடத்தில். அங்கிருந்து சர்வருக்குப் போவது தனி வேலை. ஒவ்வொரு பதிவையும் டாகுமெண்டு என்பார்கள், அதைத் திருத்தும்போதெல்லாம் உருவாகும் புது வடிவத்தை ரிவிஷன் என்பார்கள். அந்த வேலை நடக்கிற விதம் எனக்குப் பிடித்தது: 'என்னிடம் இந்த டாகுமெண்டுகளின் இந்த ரிவிஷன்கள் இருக்கின்றன, உன்னிடம் எது இல்லை?' என்று போன் கேட்கும், சர்வர் சொல்லும், இல்லாததை மட்டும் போன் அனுப்பும். எதுவரை முடிந்தது என்ற குறிப்பை இரண்டு பக்கமும் எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் அறுந்தால் அந்தக் குறிப்பிலிருந்து மறுபடி கேட்கும். பதில் தொலைந்துபோனாலும் ஒரே டாகுமெண்டு இரண்டாகாது. லைவ் (தொடர்ந்து அனுப்பு), ரீட்ரை (அறுந்தால் மறுபடி முயல்) என்ற இரண்டு ஆப்ஷனையும் போட்டுவிட்டால் நெட் வரும்போதெல்லாம் தானே தொடரும்.

இரண்டு தரம் தட்டும் விரலுக்கு மட்டும் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். பட்டனைத் தட்டும் நொடியில் ஐடி உருவாக்கினால் இரண்டு தட்டுக்கு இரண்டு ஐடி வந்துவிடும். அதனால் எடைத் திரை திறக்கும்போதே ஐடி உருவாகிவிடும்படி வைத்திருக்கிறேன். இரண்டாவது தட்டு அதே ஐடியோடு போய் மோதும், பவுச்டிபி 409 என்று, அதாவது மோதல் என்ற பிழை எண்ணோடு, திருப்பி அனுப்பும். அந்தப் பிழையைத் திரையில் காட்டுவதே இல்லை, 'பதிவாகிவிட்டது' என்று காட்டினால் போதும். ஐடியின் முன்பகுதியில் தேதியும் கருவியின் பெயரும் வருவதால், ஒரு நாளின் பதிவுகளை எடுக்கத் தனி இண்டெக்ஸ் (தேடலுக்கான பட்டியல்) தேவைப்படவில்லை.

அடுத்தது கணக்கின் வடிவம். விவசாயியின் பாக்கியை ஒரு எண்ணாக எங்கேயும் வைக்கவில்லை. ஒவ்வொரு எடையும் ஒரு டாகுமெண்டு, கொடுத்த ஒவ்வொரு முன்பணமும் ஒரு டாகுமெண்டு. பாக்கி வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். பாக்கி ஒரே டாகுமெண்டில் இருந்தால் என்னாகும்? ஏஜெண்டு நெட் இல்லாத ஊரில் 500 ரூபாய் முன்பணம் எழுதுகிறார், அதே நேரம் கடையில் 1000 ரூபாய் எழுதுகிறார்கள். இரண்டு போனும் பழைய எண்ணிலிருந்து கணக்குப் போட்டிருக்கும். சேரும்போது ஒன்றுதான் நிற்கும். தனித்தனிப் பதிவாக இருந்தால் மோதலுக்கே இடமில்லை, இரண்டும் வந்து சேர்ந்து 1500 என்று நிற்கும். தப்பான எடையைத் திருத்தும்போதும் பழைய பதிவைத் தொடுவதில்லை. கணக்குப்பிள்ளை பேரேட்டில் அழிக்காமல் கீழே எதிர்ப்பதிவு போடுவாரே, அதே முறைதான்.

விலை விஷயத்தில்தான் அதிக நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. மல்லிக்குக் காலை ஆறு மணிக்கு ஒரு விலை, வரத்தைப் பார்த்து எட்டு மணிக்கு வேறு விலை. முதலாளி தன் போனில் மாற்றுவார், தராசு பக்கத்திலிருக்கும் டேப்களுக்கு (டேப்லெட்) அது போய்ச் சேர வேண்டும். 'இந்த எடை எத்தனை மணிக்குப் போட்டது, அப்போது என்ன விலை' என்று நேரத்தை வைத்துத் தேடுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. அது இங்கே நிற்காது. ஒரு பழைய டேப்பில் தானியங்கி நேரம் அணைந்து கிடந்தது, கடிகாரம் பல நிமிஷம் முன்னால் ஓடியது. கடிகாரம் சரியாகவே இருந்தாலும் புது விலை இன்னும் வராத டேப்பில் பழைய விலைதான் தெரியும். பையன் அதைத்தான் வாசித்துச் சொல்வான், சீட்டும் அந்த விலையில்தான் போகும். விவசாயியின் கையிலிருக்கும் சீட்டை மாற்றுவது நியாயமில்லை. அதனால் ஒவ்வொரு எடைப் பதிவும், அந்த நேரத்தில் அந்தத் திரையில் இருந்த விலைப் பதிவின் ஐடியைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. வித்தியாசம் கொடுக்க முதலாளி விரும்பினால் அதற்குத் தனிப் பதிவு.

எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தவும் போன் கடிகாரத்தை நான் நம்புவதில்லை. கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் சொன்ன யோசனை இந்த அளவுக்குப் போதுமானது: ஒவ்வொரு கருவியும் ஒரு எண்ணை வைத்திருக்கும், இதுவரை பார்த்த எண்களில் பெரியதோடு ஒன்று கூட்டிப் புதுப் பதிவில் எழுதும். ஒரு பதிவைப் பார்த்த பிறகு எழுதிய பதிவுக்கு எப்போதும் பெரிய எண் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் சில வரிகளில் முடிகிற வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் மோதுகிற டாகுமெண்டுகள் சில உண்டு. விவசாயியின் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு விவரம் இருக்கும் டாகுமெண்டை இரண்டு பேர் இரண்டு இடத்தில் திருத்தலாம். அப்போது கவுச்டிபி ஒன்றை வெற்றி பெற்றதாகக் காட்டும். எந்தப் பக்கம் அதிக முறை திருத்தப்பட்டிருக்கிறதோ அது ஜெயிக்கும், சமமாக இருந்தால் ரிவிஷன் ஐடியை ஒப்பிட்டுப் பெரியதை எடுக்கும். எல்லாக் கருவியும் ஒரே முடிவுக்கு வரும் என்பதுதான் இதில் உத்தரவாதம், அந்த முடிவு சரியானதா என்று அதற்குத் தெரியாது. தோற்றது அழிவதில்லை, உள்ளேயே இருக்கும். ஆனால் கான்ஃபிளிக்ட் (மோதல்) உண்டா என்று நாம் கேட்டால்தான் சொல்லும். கேட்காமல் ஆப் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எல்லாம் நன்றாகப் போவது போலத்தான் இருக்கும், ஒரு நாள் பணம் வேறொருவர் கணக்குக்குப் போகும்வரை. எங்கள் ஆப்பில் மோதல் இருந்தால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வரும், தொட்டால் இரண்டு விவரமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், கணக்குப்பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதுவரை வங்கி வழியாகப் பணம் போகாது.

அந்தக் கணக்குப்பிள்ளை எழுபது வயதை நெருங்கியவர். ஆப் வந்த புதிதில் என்னிடம் கேட்டார்: "தம்பி, போன்ல இருக்கிறதும் அங்கன இருக்கிறதும் ஒண்ணுதானாப்பா? எதப் பாத்து நான் பணத்த எண்ணிக் குடுக்குறது?" எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல கேள்வி அது. அதற்குப் பதிலாக ஒரு திரை எழுதினேன். இன்றைய பதிவுகளின் எண்ணிக்கையும் மொத்த எடையும், இந்தக் கருவியில் இருப்பது ஒரு பக்கம், சர்வரில் இருப்பது ஒரு பக்கம். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை. பட்டுவாடாவுக்கு முன் ஒவ்வொரு டேப்பிலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறார். ஏஜெண்டின் போனில் 'அனுப்பாதது: 12' என்று பெரிய எழுத்தில் மேலேயே நிற்கும். இந்த இரண்டு எண்ணும் வந்த பிறகு எனக்கு வரும் போன் கால் வெகுவாகக் குறைந்தது.

இனி குறைகள். நெட் இருக்கிறதா என்று பிரவுசரிடம் கேட்டால் அது சொல்லும் 'ஆம்' நம்பத்தக்கதில்லை. கடை வைஃபையோடு இணைந்திருந்தால் போதும், வெளியே லைன் செத்திருந்தாலும் ஆன்லைன் என்றே சொல்லும். சர்வரிலிருந்து கடைசியாக எப்போது பதில் வந்தது என்பதைத்தான் காட்ட வேண்டும். ஆப் மூடியிருக்கும்போது பின்னணியில் அனுப்பும் வசதி குரோமில் உண்டு, சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இல்லை. குரோமிலும் பவுச்டிபி அதைத் தானாகப் பயன்படுத்தாது. வண்டி மெயின்ரோட்டுக்கு வந்ததும் ஆப்பைத் திறந்து வைக்கும்படி ஏஜெண்டிடம் சொல்லியிருக்கிறோம், அவரும் செய்கிறார்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2020 முதல் சஃபாரி, ஏழு நாள் தொடாத தளத்தின் இண்டெக்ஸ்டுடிபியை அழித்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துவிட்டால் இந்தக் கட்டுப்பாட்டில் சிக்காது. ஆண்ட்ராய்டிலும் போனில் இடம் குறைந்தால் பிரவுசர் அழிக்கலாம், அதனால் ஸ்டோரேஜை நிரந்தரமாக வைக்கும்படி பிரவுசரிடம் அனுமதி கேட்கும் அழைப்பை முதல் திரையிலேயே போட்டுவிடுங்கள். 'கிளீனர்' ஆப் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

டேட்டாபேஸ் வளர்ந்துகொண்டே போகும். அழித்த டாகுமெண்டும் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பாக உள்ளே தங்கும், மற்றக் கருவிகளுக்கு அந்தச் செய்தி போக வேண்டுமே. புது டேப் வாங்கி முதல் தரம் எல்லாவற்றையும் இறக்கும்போது இந்தப் பாரம் தெரியும். தானாகக் கம்பாக்ட் செய்யும், அதாவது பழைய ரிவிஷன்களைக் களையும், ஆப்ஷனைப் போட்டிருக்கிறேன். ஏப்ரலில் கணக்கு வருஷம் மாறும்போது புது டேட்டாபேஸ் தொடங்கி, பாக்கியை மட்டும் முதல் பதிவாக எடுத்துச் செல்கிறோம்.

அனுமதி விஷயத்தில் கவுச்டிபி கையைக் கட்டிப்போடும். ஒரு டேட்டாபேஸைப் படிக்க விட்டால் அதிலுள்ள எல்லாவற்றையும் படிக்கலாம், டாகுமெண்டு வாரியாகத் தடுக்க முடியாது. எழுதுவதை மட்டும் சரிபார்ப்பு ஃபங்ஷன் வைத்துத் தடுக்கலாம். அதனால் ஏஜெண்டு ஒவ்வொருவருக்கும் தனி டேட்டாபேஸ். ஃபில்டர் போட்டுப் பிரித்தனுப்பும் வழியும் இருக்கிறது, டாகுமெண்டுகள் பெருகப் பெருக அது மெதுவாகும். தனித்தனி டேட்டாபேஸிலும் ஒரு வில்லங்கம் உண்டு: ஒரே பக்கத்திலிருந்து பலவற்றை லைவாகத் திறந்தால் ஹெச்டிடிபி 1.1-இல் (பிரவுசரும் சர்வரும் பேசும் பழைய முறை) ஒரு சர்வருக்கு ஆறு கனெக்ஷன் என்ற பிரவுசர் வரம்பில் போய் முட்டும், மற்ற வேலை எல்லாம் நின்றுவிடும். முதலாளியின் போன் அதனால் தொகுத்த ஒரே டேட்டாபேஸைத்தான் பார்க்கிறது, தொகுப்பது சர்வரில் நடக்கிறது.

எல்லா ஆப்புக்கும் இது தேவையா என்றால், தேவையில்லை. அலுவலக மேஜையில் நல்ல நெட்டோடு பார்க்கும் ரிப்போர்ட் திரைகளுக்கு நானே டேன்ஸ்டாக் குவெரி என்ற, சர்வரிலிருந்து டேட்டாவை இழுத்து வைக்கும் லைப்ரரியை வைத்திருக்கிறேன். வந்த டேட்டாவை உடனே பழையதாகக் கருதி, விண்டோவுக்குத் திரும்பும்போதெல்லாம் மறுபடி இழுப்பது அதன் இயல்பு. ரிப்போர்ட்டுக்கு ஸ்டேல்டைம் (டேட்டாவைப் பழையதாகக் கருதாத நேரம்) ஒரு நிமிஷம் போட்டால் சர்வர் மூச்சு விடும். கூகுளின் ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸில் தொடங்குவது சுலபம், ஆஃப்லைனும் உண்டு. ஆனால் டாகுமெண்டைப் படிக்கப் படிக்கக் காசு, எங்களைப் போல நூற்றுக்கணக்கான சிறு பதிவுகளைக் கூட்டிப் பார்ப்பவர்கள் முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே பத்தியைப் பல பேர் சேர்ந்து எழுதும் ஆப் என்றால் அதற்கென்றே இருக்கும் ஒய்ஜேஎஸ் லைப்ரரி பக்கம் போங்கள், பவுச்டிபி அதற்கானது இல்லை.

பவுச்டிபியில் புதுப் பதிப்பு அடிக்கடி வராது. 8-ஆம் பதிப்பு 2022 கடைசியில் வந்தது, 9 வர 2024 ஆனது. எனக்கு அது குறையாகப் படவில்லை, கடையில் ஓடுகிற ஆப்புக்கு மாதா மாதம் மாற்றம் வேண்டாம். வரும் ஏப்ரலில் ஆண்டு மாற்றத்தைக் கையால் செய்யாமல் ஸ்கிரிப்டாக எழுதப் போகிறேன். அனுப்பாத பதிவு ஒன்றாவது மிச்சமிருக்கும் கருவியைப் புது டேட்டாபேஸுக்கு மாற விடாமல் நிறுத்துவதுதான் அதில் முதல் வேலை. எழுதி ஒரு வருஷக் கணக்கு மாறிய பிறகு அதைப் பற்றியும் சொல்கிறேன்.