ஹேண்டில்பார் ரைசருடன் 31,000 கி.மீ.: 50 மி.மீ. ஏறி 30 மி.மீ.க்கு இறங்கிய கதை

என் உயரம் 183 செ.மீ. என் பைக் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, அதன் இருக்கை உயரம் 800 மி.மீ. உட்கார்ந்து ஓட்டுகையில் ஒரு குறையும் இல்லை. கால்மிதியில் எழுந்து நின்றால்தான் சங்கடம். கைப்பிடியை எட்டுவதற்குக் கூன் போட வேண்டியிருக்கும். கல்வராயன் மலைப் பக்கம் கப்பி பெயர்ந்த பாதையில் அரை மணி நேரம் அப்படி நின்று ஓட்டினால், அன்று இரவு இடுப்புக்குத் தைலம் நிச்சயம்.

இதற்கு மருந்து ரைசர் என்றார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல் தட்டுக்கும் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கிளாம்புக்கும் நடுவில் வைக்கும் உலோகக் கட்டை அது. உயரம் கூடினால் நல்லதுதானே என்று 50 மி.மீ. ரைசரை 900 ரூபாய்க்கு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மாட்டினேன். நின்று பார்த்தேன், முதுகு நேராக இருந்தது. அந்த மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இருபதாவதோ இருபத்தொன்றாவதோ, இடப்பக்கம் ஹேண்டிலை முழுவதும் ஒடித்துத் திருப்புகிறேன், நான் முறுக்காமலே என்ஜின் உறுமுகிறது. முதல் கியரில் வண்டி என்னைத் தள்ளிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனது. கிளட்சைப் பிடித்து நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வீணைத் தந்தி போல விறைத்து நிற்கிறது. ஹேண்டில்பார் மேலே போனதில் கேபிளுக்கு நீளம் போதவில்லை. முழுதாகத் திருப்பும்போது அது தானாகவே த்ராட்டிலை இழுத்துவிடுகிறது. முன் பிரேக் ஹோஸும் அதே கதியில்தான் இருந்தது. மிச்ச வளைவுகளை எப்படி ஏறினேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சேலத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பார்த்தவுடன் கேட்டார்: "மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தீர்களா, சார்?" பார்க்கவில்லை. ரைசரைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. கீழ் போல்ட்டின் மரையில் வெள்ளிப்பொடி போல அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கையில் லேசாக ஒரு 'டொக்' தட்டுப்பட்டதே, அதன் காரணம் அதுதான். துளை சற்றுப் பெரிது, போல்ட் உள்ளே ஆடியிருக்கிறது.

இரண்டாவதாக வாங்கிய ரைசர் 30 மி.மீ., 2,400 ரூபாய். இடமும் வலமும் ஒரே துண்டாகக் கடைந்தெடுத்தது. கேபிள்களைப் பழைய பிடிப்பிலிருந்து விடுவித்து, வளைவு குறைவான வழியில் திருப்பி விட்டதில் இரண்டு செ.மீ. தளர்வு கிடைத்தது, புதுக் கேபிள் வாங்க வேண்டியிருக்கவில்லை. 8 மி.மீ. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) 22 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, தலையிலிருந்து உலோகம் வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்தேன். வண்டி கழுவும்போதெல்லாம் கண் அந்தக் கோட்டுக்குப் போகும். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இதுவரை உடையவில்லை.

ஓட்டத்தில் என்ன மாற்றம்? முதலில் ஒரு கணக்கு. ஃபோர்க் நேர்க்குத்தாக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. சாய்வு 25 பாகை என்று கொண்டால், 30 மி.மீ. ரைசர் கைப்பிடியை 27 மி.மீ. மேலே தூக்குவதோடு ஏறக்குறைய 13 மி.மீ. நம் பக்கமும் கொண்டுவருகிறது. 50 மி.மீ. என்றால் 21 மி.மீ. பின்னால். அதனால்தான் அந்தப் பழைய ரைசரில் முழங்கை மடங்கி, உடல் எடை பின் சக்கரத்துக்குப் போய்விட்டது. ஈரச் சாலையில் வளைவுக்குள் நுழையும்போது முன் டயர் என்ன செய்கிறது என்று கைக்கு வரும் சேதியும் மங்கியிருந்தது. 30-இல் அந்தச் சேதி பெரும்பாலும் திரும்பி வந்தது. முழுதாக வந்தது என்று சொன்னால் பொய்.

நெடுஞ்சாலையில் இந்த உயரத்துக்குக் கொடுக்கும் விலை வேறு. ஆத்தூர் தாண்டி உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போனால் காற்று நேராக மார்பில் அறைகிறது. விழாமலிருக்க ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குகிறோம்; அந்த இழுப்பே வண்டியை மெல்ல அலைய வைக்கிறது. லாரியைக் கடக்கும்போது இது நன்றாகத் தெரியும். பிடியைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை இறுக்கினால் அலைவு அடங்குகிறது. இப்போது நான் 85-இல் நிறுத்திக்கொள்கிறேன், டீசல் பஸ்கள் என்னைத் தாண்டிப் போகட்டும்.

நான் தாமதமாகக் கற்றது ஒன்று. ரைசர் மாட்டினால் பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணத்தையும் திருப்ப வேண்டும். நான் அப்படியே விட்டதால் இரண்டு மாதம் மணிக்கட்டு வலி, ரைசரைத் திட்டிக்கொண்டிருந்தேன். லீவரை ஒரு விரல் அளவு கீழே சாய்த்ததும் வலி போயிற்று.

போன மாதம் நண்பன் ஒருவன் என் வண்டியை ஓட்டிவிட்டு, ரைசர் எங்கே வாங்கினாய் என்று கேட்டான். அவன் உயரம் 170-ஐத் தாண்டாது. அவன் வண்டியின் கிளாம்பில் நான்கு போல்ட்டையும் தளர்த்தி, ஹேண்டில்பாரையே சற்று முன்னால் சுழற்றி இறுக்கிக் கொடுத்தேன். கைப்பிடி ஒரு விரற்கடை உயர்ந்தது. நின்று பார்த்துவிட்டுப் போனவன் ரைசரைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.