99 பூவா, வாரம் ஒரு மரமா: தொடர் பதிவுக்கு நாங்கள் போட்டுப் பார்த்த மூன்று வழிகள்

திருச்சியில் தெருவோர மரங்களைப் பற்றி நானும் என் அக்கா மகளும் சேர்ந்து ஒரு பக்கம் நடத்துகிறோம். இன்ஸ்டாகிராம், முகநூல் இரண்டிலும் ஒரே பதிவுதான். எழுதுவது நான். படங்களை வரிசைப்படுத்துவது, மேல் அட்டை செய்வது, நேரம் குறித்து வைப்பது எல்லாம் அவள். ஆரம்பத்தில் கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் நான்கு பதிவு வரும், அப்புறம் இருபது நாள் சத்தமே இருக்காது. பார்க்க வருகிறவர்களுக்கு எப்போது என்ன வரும் என்று ஒரு பிடி வேண்டும் என்பது புரிந்த பிறகு, தொடராகப் போடுவது என்று முடிவு செய்தோம். மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது ஒன்றில் நின்றிருக்கிறோம். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நாங்கள் தேர்ந்தெடுத்ததன் பக்கம் என் சாய்வு இருக்கும், அதை மறைக்கவில்லை.

முதல் வழி, பட்டியல் தொடர். ஏற்கெனவே இருக்கிற ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு தினம் ஒன்று போடுவது. எங்களுக்குக் கிடைத்தது குறிஞ்சிப்பாட்டு. கபிலர் ஒரே மூச்சில் 99 பூக்களை அடுக்குகிறார். 99 நாள், 99 பதிவு. இரண்டாவது, பருவத் தொடர். ஞாயிறுதோறும் ஒரு மரம், அந்த வாரம் எங்கள் ஊரில் பூத்தோ காய்த்தோ தளிர்த்தோ நிற்கிற மரம். மூன்றாவது, கேள்வித் தொடர். பார்ப்பவர்கள் படம் அனுப்பி “இது என்ன மரம்?” என்று கேட்க, நாங்கள் பதில் சொல்வது.

தினமும் போட்டால் மக்களுக்குப் பழக்கமாகும், வாரம் ஒருமுறை என்றால் நமக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததே, அதில் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

பட்டியல் தொடரைத் தை முதல் நாள் தொடங்கினோம். பாட்டின் வரிசை இப்படிப் போகிறது: செங்காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி, செங்கொடுவேரி, தேமா, மணிச்சிகை. படிக்கிறபோது மனம் நிறைந்துபோகும். தொடராக நடத்த உட்கார்ந்தால் முதல் வாரத்திலேயே சிக்கல். செங்காந்தள் மழைக்காலத்துப் பூ, தையில் எங்கே போய்ப் படமெடுப்பது? ஆம்பலுக்குக் குளம் இருந்தது, தப்பித்தோம். இரண்டாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள்: “மாமா, நாளைக்கு அனிச்சம். படம் எதைப் போட?” மோந்தாலே குழைகிற பூ என்று குறள் சொல்கிறது, இன்றைய எந்தச் செடி அது என்பதில் ஆளுக்கொரு கருத்து. படமில்லாமல் வெறும் எழுத்தாகப் போட்டோம்.

ஐந்தாம் நாள் குறிஞ்சி. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது; 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. நண்பர் ஒருவர் 2018இல் மூணாறில் எடுத்த படத்தை அவரிடம் கேட்டு வாங்கிப் போட்டோம். நல்ல படம், மலைச்சரிவு முழுக்க நீலம். வந்த முதல் பின்னூட்டம்: “எந்த இடம் சார்? இந்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு போகலாமா?” அவருக்கு 2030 என்று பதில் எழுதியபோது எனக்கு மனசே சரியில்லை. ஆசையோடு கேட்ட மனிதரை வெறுங்கையோடு அனுப்புகிற மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் தேமா. தை மாதம் மா பூக்கிற காலம், தானாக அமைந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுச் சுவருக்கு மேல் கொத்துக் கொத்தாக நின்றிருந்த மாம்பூவைக் காலையில் எடுத்து அன்றைக்கே போட்டோம். மதியத்துக்குள் பின்னூட்டங்களில் மற்றவர்கள் வீட்டு மாம்பூப் படங்கள் வந்து நிறைந்தன. “எங்க கொல்லையில இன்னும் வரல”, “போன வருஷம் மூடுபனியில எல்லாம் கருகிடுச்சு”, “பூவோட எறும்பும் சேர்ந்து வந்திருக்கு” என்று ஒரே பேச்சு. அந்த எட்டு நாளில் அதுவரை யாரும் தங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. இரண்டாவது வழிக்கான விதை அன்றைக்குத்தான் விழுந்தது.

31ஆம் நாளோடு பட்டியலை நிறுத்தினோம். ஒரு பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. வேலைக்குப் போய் வருகிற ஆளுக்கும் கல்லூரிப் பெண்ணுக்கும் அது தாங்காது. கடைசிப் பத்து நாள் பெரும்பாலும் பிறர் படம். பார்க்காத பூவைப் பற்றி எழுதினால் எழுத்தும் வறண்டுபோகிறது. அதில் ஒரு நன்மை இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்: பின்தொடர்வோர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அந்த 31 நாளில் சேர்ந்த அளவு ஆட்கள் வாரத் தொடரில் சேர நான்கு மாதம் பிடித்தது. தினமும் போட்டதாலா, சங்கப் பாட்டு என்பதாலா, பொங்கல் விடுமுறையாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. 99 படத்தையும் முதலில் சேர்த்து வைத்துக்கொண்டு தொடங்குகிற ஒருவர், அதுவும் தாவரவியல் படித்தவராக இருந்தால், இதை எங்களைவிட நன்றாகவே நடத்துவார்.

இனி பருவத் தொடர். நடத்துகிற முறை எளிது. ஒரு நீள நோட்டில் தமிழ் மாதம் பன்னிரண்டுக்கும் ஆளுக்கு நான்கு பக்கம். தெருவில் போகும்போது பார்த்ததை அந்தந்த மாதத்தில் தேதியோடு எழுதுவோம்: தளிரா, மொட்டா, பூவா, காயா, பழமா, இலையுதிர்வா. சீசன்வாட்ச் என்ற மக்கள் பங்கேற்புத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வாராவாரம் ஒரே மரத்தைப் பார்த்து இப்படித்தான் குறிக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். மாசியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும் முள்ளிலவும் கல்யாண முருங்கையும். பங்குனியில் புங்கம், வேம்பு. சித்திரையில் சரக்கொன்றை, வாகை. வைகாசியில் மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும் சாலையையே சிவப்பும் மஞ்சளுமாக்கிவிடும். ஆனி, ஆடியில் நாவல்பழம். திருவானைக்காவல் கோயிலின் தலமரம் வெண்ணாவல் என்பதால் எங்கள் ஊரில் நாவலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஆளாளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

பதிவில் ஆறு படம். தூரத்திலிருந்து முழு மரம், பூ, இலை, பட்டை, கீழே உதிர்ந்து கிடப்பது, கடைசியில் எந்தத் தெருவில் பார்க்கலாம் என்ற குறிப்பு. இன்ஸ்டாகிராம் 2024இல் ஒரு பதிவில் 20 படம் வரை வைக்க வழி செய்தது. எங்களுக்கு ஆறே போதும். மேல் அட்டையில் மரத்தின் பெயரை விளிம்பு ஒட்டி எழுதாதீர்கள். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் சுயவிவரப் பக்கத்தின் சதுரக் கட்டங்களை நெடுஞ்செவ்வகமாக மாற்றியபோது எங்கள் பழைய அட்டைகள் பாதிக்கு மேல் பெயர் வெட்டுப்பட்டு நின்றன. இப்போது எழுத்தெல்லாம் நட்டநடுவில்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் இரண்டாம் வருஷம். எந்தத் தொடரைத் திட்டமிட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்: முடிந்த பதிவு அடுத்த வருஷம் நமக்கு உதவுமா? பட்டியல் தொடரில் போட்ட பதிவு போட்டதுதான். 99 முடிந்தால் வேறு பட்டியல் தேட வேண்டும், மறுபடி ஒன்றிலிருந்து. பருவத் தொடரில் கொன்றை அடுத்த சித்திரையிலும் பூக்கும். போன வருஷம் எழுதிய எழுத்து இருக்கிறது, இலையும் பட்டையும் எடுத்த படம் இருக்கிறது. அதே மரத்தடிக்குப் போய்ப் புதிதாக ஒரு படம், புதிதாக இரண்டு வரி. முதல் வருஷம் ஒரு பதிவுக்கு அலைச்சலோடு சேர்த்து மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஆனது. இரண்டாம் வருஷம் ஒரு மணி நேரம். மிச்சமான நேரத்தில் பின்னூட்டங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத முடிந்தது. முன்பெல்லாம் அதற்குத்தான் நேரமே இருந்ததில்லை.

அலுப்புத் தட்டுமே என்று நானும் பயந்தேன். நடந்தது வேறு. “போன வருஷம் இந்த மரத்தில் முதல் கொத்து ஏப்ரல் 2இல் விரிந்தது, இந்த வருஷம் மார்ச் 24இலேயே விரிந்துவிட்டது” என்று கொன்றைக்கு ஒரு வரி சேர்த்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர், காரைக்குடி, சேலம் என்று அவரவர் தெருக் கொன்றையின் கணக்கு வந்தது. இரண்டு தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் மரம் எல்லோருக்கும் சொந்தக்கார மனுஷி மாதிரி ஆகிவிட்டது.

பட்டியலில் முதல் நாளே எங்களைக் கைவிட்ட செங்காந்தளுக்கும் இங்கே நேரம் வந்தது. மரமில்லை, கொடிதான், ஆனாலும் ஐப்பசிக் கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு வேலியில் ஏறி நின்றதைப் பார்த்துவிட்டு விட மனம் வரவில்லை. ஒவ்வோர் இலையின் நுனியும் சுருள்கம்பியாக நீண்டு முள்வேலியைச் சுற்றிப் பிடித்திருந்தது. அன்றைக்கு விரிந்த பூ கீழே மஞ்சளும் மேலே சிவப்பும்; இரண்டு நாள் மூத்த பூ முழுச் சிவப்பு. இதைப் போட்டதும் யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர், “நாங்கள் கார்த்திகைப்பூ என்று சொல்வது இதைத்தான்” என்று எழுதினார். பூக்கிற மாதமே அங்கே பெயராகிவிட்டிருக்கிறது. தையில் போட்டபோது இந்த உரையாடல் வருவதற்கு வாய்ப்பே இல்லை.

குறைகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே போக முடியாது, மரமல்லியைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி அதிகம் பூப்பதும் இல்லை. அதற்காக வருஷம் முழுக்கப் பூக்கிற மரங்களைக் கையிருப்பாக வைத்திருக்கிறோம்: பூவரசு, நாகலிங்கம், செம்பருத்தி மாதிரி. இந்தக் கையிருப்பை மட்டும் முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம். இன்ஸ்டாகிராம் 75 நாள் முன்பே குறிக்க விடுகிறது. பருவ மரங்களுக்கு அந்த வசதியை நம்ப வேண்டாம். எழுத்து தயாராக இருக்கட்டும், முதல் படம் அந்த வாரத்துப் படமாகவே இருக்கட்டும். கையிருப்பிலிருந்து பூவரசு போட்ட ஞாயிறன்று, ஒரே கிளையில் காலைப் பூ மஞ்சளாகவும் நேற்றைய பூ செம்மையாகவும் இருப்பதை ஒரு அம்மா தன் தெருவில் எடுத்து இரண்டு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். கூடவே பேரன் பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுகிற வீடியோவும்.

இன்னொரு குறை மனசை அறுப்பது. அதே மரத்திடம் அடுத்த வருஷம் போகிறோம் இல்லையா, மரம் இருக்க வேண்டும். போன வைகாசியில் நாங்கள் எடுத்த பெருங்கொன்றை இந்த வைகாசியில் சாலை அகலப்படுத்தியதில் போய்விட்டது. அடிமரத்தில் வெட்டுப்பட்ட வளையங்களைத்தான் படமெடுத்தோம். பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்தே போட்டோம். அதன் கீழே நான் எதுவும் எழுதவில்லை.

கேள்வித் தொடரில் எங்கள் அனுபவம் ஐந்து வாரம்தான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பார்ப்பவர்களுக்கு உரிமை உணர்வு வருகிறது, அது பெரிய லாபம். ஆனால் வருகிற படத்தில் பாதி நாகலிங்கம், மீதி மங்கலாகத் தூரத்திலிருந்து எடுத்த ஏதோ ஒரு பச்சை. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டுத் தேடினாலும் இலையும் பட்டையும் தெரியாமல் உறுதி சொல்ல முடியாது. ஐந்தாம் வாரம் ஒருவர் மஞ்சள் அரளிக் காயின் படத்தை அனுப்பி, இதைச் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தார். அது கடும் விஷம். நான் அந்தச் செய்தியைப் பார்த்தது அனுப்பிய மறுநாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே நிறுத்திவிட்டோம். நான்கைந்து பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிற குழு இருந்தால் இதைத் தைரியமாக நடத்தலாம். இரண்டு பேருக்கு இது ஆகாது. இப்போது கேள்விகளை மாதம் ஒருமுறை, அந்த மாதத்து மரங்களுக்குள் மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ரீல்ஸ் பற்றிக் கேட்பீர்கள். மொத்தமே நான்கு போட்டிருக்கிறோம். வாகையின் காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலப்பது ஒன்று மட்டும் நன்றாகப் போனது. அதை வைத்து ஒரு முடிவுக்கு வர எனக்குத் துணிவில்லை.

வருகிற ஞாயிறு இலுப்பை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற பழமொழியிலிருந்து தொடங்கும் பதிவு, எழுத்து போன பங்குனியிலிருந்தே தயாராக இருக்கிறது. ராத்திரி பூத்து விடியலில் உதிர்கிற பூ. போன வருஷம் ஏழு மணிக்குப் போனோம், தெருக்கூட்டி முடித்திருந்தார்கள். இந்த முறை ஐந்தரைக்கே போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அக்கா மகள் டார்ச்சுக்குச் சார்ஜ் போட்டுவிட்டாள்.