ஜிசெல்லா, ஸ்வான் லேக்கா: காஸ்ட் மாற மாற பார்க்க எது?

ஒரு சீசனில் ஒரே பாலேவுக்கு மூன்று நான்கு முறை போவது என்று முடிவெடுத்தால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு கலைஞர்கள் ஆடுவதைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால், பெரும்பாலும் கேள்வி இந்த இரண்டில் வந்து நிற்கும்: ‘ஜிசெல்’ அல்லது ‘ஸ்வான் லேக்’. என் தேர்வு ஜிசெல். அதனால் கீழே எழுதியிருப்பதில் அந்தப் பக்கம் கொஞ்சம் கனமாகவே இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இசையில் போட்டியே கிடையாது. ஸ்வான் லேக்கின் சைக்கோவ்ஸ்கிக்கு முன்னால் ஜிசெல்லின் அடோல்ஃப் ஆதாம் எளிமையானவர்தான். பிரம்மாண்டத்திலும் ஸ்வான் லேக்தான் முன்னே: நான்கு அங்கம், இடைவேளைகளோடு சேர்த்து மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். ஜிசெல் இரண்டே அங்கம், ஒரே இடைவேளை. பாலேவே பார்த்திராத ஒருவரை முதன்முறை அழைத்துப் போவதென்றால் ஸ்வான் லேக்குக்கே கூட்டிப் போங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேல் மாடத்தில் மலிவான இருக்கைதான் கிடைத்தது என்றாலும் ஸ்வான் லேக்கே நல்லது. அன்னங்களின் வரிசைகள் வளைந்து பிரிந்து கூடும் கோலம் உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் முழுதாகத் தெரியும்.

ஆனால் நம் கேள்வி வேறு. காஸ்ட் மாறும்போது மேடையில் என்ன மாறுகிறது?

ஸ்வான் லேக்கில் மாறுவது முக்கியமாக ஒரே ஆள்: சூனியக்காரன் ராட்பார்ட் அன்னமாக மாற்றிய ஓடெட், அவளைப்போலவே தோன்றி இளவரசனை ஏமாற்றும் கருப்பு அன்னம் ஓடில் ஆகிய இரட்டை வேடத்தை ஆடும் நாயகி. இரண்டாம் அங்கத்தில் வயலின் தனியிசையோடு வரும் மெதுவான அடாஜியோ, மூன்றாம் அங்கத்தில் கருப்பு அன்னமும் இளவரசனும் ஆடும் ஜோடி நடனமான பா த தூ. அவரை எடைபோட நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் குழு நடனமும், அரண்மனை விருந்தின் தேசிய நடனங்களும், நான்கு குட்டி அன்னங்களும். அவை நன்றாக இருக்கும், ஆனால் நேற்றுக்கும் இன்றைக்கும் பெரிதாக மாறாது. அதற்கு மேல் அந்த 32 ஃபுவெத்தே, அதாவது ஒரு காலில் ஊன்றி மறு காலைச் சாட்டையாக வீசிச் சுழலும் சுற்றுகள். 1895-இல் பீட்டர்ஸ்பர்கின் மரின்ஸ்கி மேடையில் பியெரினா லென்யானி ஆடியதிலிருந்து அது ஒரு பரீட்சையாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணும். ஊன்றிய கால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக முன்னே நகரும். நேரே மேடை விளிம்பை நோக்கி நகர்ந்தால் மன்னிக்கலாம், பக்கவாட்டில் ஓடினால் இடுப்பு சாய்கிறது என்று அர்த்தம். இருபதைத் தாண்டும்போது சாட்டையாகச் சுழலும் காலின் உயரம் இறங்கத் தொடங்கும். இதெல்லாம் கவனிக்கச் சுவாரசியமானதுதான். ஆனால் அது ஓடில் யாரென்று நமக்குச் சொல்வதில்லை. சோவியத் நட்சத்திரம் மாயா பிளிசெட்ஸ்காயா ஃபுவெத்தேவுக்குப் பதில் மேடையைச் சுற்றி வரும் வேகச் சுழற்சிகளை வைத்துக்கொண்டார். அவருடைய ஓடில் அதனால் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை.

இன்னொரு சிக்கல், ஸ்வான் லேக் என்று ஒன்றே ஒன்று கிடையாது. நடன அமைப்பாளர்கள் பெட்டிபாவும் இவானோவும் 1895-இல் அமைத்ததில் காதலர்கள் இருவரும் ஏரியில் உயிர் விடுகிறார்கள். கான்ஸ்டன்டின் செர்கேயெவின் 1950 மரின்ஸ்கி வடிவத்தில் ராட்பார்ட்டின் சிறகு முறிகிறது, காதலர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். பாரிஸில் நுரயேவ் 1984-இல் அமைத்ததில் ராட்பார்ட்டே இளவரசனின் ஆசிரியன். லண்டன் வடிவங்களில் ஓடெட் தன் கதையைக் கைச்சைகையால் சொல்வாள்; சோவியத் வழி வந்தவற்றில் அந்தப் பகுதியே இல்லை. இரண்டு கம்பெனிகளின் இரண்டு ஓடெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த வித்தியாசம் ஆடுபவருடையது, எது அமைத்தவருடையது என்று பிரித்தெடுப்பதே பாதி வேலையாகிவிடும்.

ஜிசெல்லில் இந்தத் தொல்லை குறைவு. 1841 ஜூன் 28 அன்று பாரிஸ் ஓபராவில் கார்லோட்டா கிரிசியோடு அரங்கேறியது. கொராலியும் பெரோவும் அமைத்தது. பிறகு பெட்டிபா கையில் பீட்டர்ஸ்பர்கில் மெருகேறியது. அந்த வடிவத்தின் நடனக் குறிப்புகளை நிகோலாய் செர்கேயெவ் ரஷ்யாவிலிருந்து வெளியே கொண்டுவந்து 1924-இல் பாரிஸிலும் 1934-இல் லண்டனிலும் மேடையேற்றினார். அதனால் மரபான ஜிசெல்களின் எலும்புக்கூடு எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அடி ஒன்று, இசை ஒன்று, ஆள் மட்டும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இனி, என் தேர்வை முடிவு செய்த விஷயம்: பைத்தியக் காட்சி.

முதல் அங்கத்தின் முடிவில், தான் காதலித்த கிராமத்து இளைஞன் உண்மையில் ஆல்பிரெக்ட் என்ற பிரபு என்றும், பத்தில்டே என்ற சீமாட்டிக்கு நிச்சயிக்கப்பட்டவன் என்றும் ஜிசெல்லுக்குத் தெரிகிறது. மனம் உடைந்து, சித்தம் கலங்கி, செத்துப்போகிறாள். இந்தக் காட்சியில் புதிய அடி என்று அநேகமாக எதுவுமில்லை. அவள் செய்வதெல்லாம் அங்கத்தின் தொடக்கத்தில் செய்ததையே நினைவுபடுத்திச் செய்வதுதான். தொடக்கத்தில் டெய்சிப் பூவின் இதழ்களை ‘காதலிக்கிறான், இல்லை’ என்று ஒவ்வொன்றாகப் பிய்ப்பாள். கணக்கு ‘இல்லை’யில் முடியப் போகிறது என்று தெரிந்ததும் கலங்கிப் பூவை விட்டுவிடுவாள். ஆல்பிரெக்ட் அதை எடுத்து, அவளுக்குத் தெரியாமல் ஓர் இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, ‘பார், சரியாகத்தானே வருகிறது’ என்று காட்டுவான். பைத்தியக் காட்சியில் அதே மெட்டு திரும்ப வரும். கையில் பூ இருக்காது, விரல்கள் வெறும் காற்றைப் பிய்க்கும். அவனோடு கைகோத்து ஆடிய துள்ளல் அடிகளும் திரும்ப வரும், கால் பாதி உயரத்தோடும் தாளம் சற்றே பிந்தியும்.

காஸ்டிங்கின் கணக்கு இங்கேதான் தீர்கிறது. முதல் இருபது நிமிடத்தில் விதைக்காததைப் பைத்தியக் காட்சியில் அறுக்க முடியாது. இதழ் பிய்க்கும்போது ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து எண்ணாமல், கையை மட்டும் இசைக்கு அசைத்துவிட்டுப் போன நாயகி, பின்னால் எவ்வளவு விழித்தாலும் தலைமுடியை எவ்வளவு அலைய விட்டாலும் நமக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. தப்பு நேர்வது பைத்தியக் காட்சியில்தான் என்று தோன்றும். உண்மையில் அது அரை மணி நேரத்துக்கு முன்பே நேர்ந்திருக்கும். ஆல்பிரெக்டுக்கும் இதே விதிதான். அந்த இதழை அவன் குறும்பாகக் கிள்ளுகிறானா, பதற்றத்தோடு கிள்ளுகிறானா? முதலாமவன் பொழுதுபோக்க வந்த பிரபு, இரண்டாமவன் உண்மையாகவே மனம் கொடுத்துவிட்டவன். அதைப் பொறுத்து இரண்டாம் அங்கத்தில் அவன் கல்லறைக்குப் பூ கொண்டு வருவதன் பொருளே மாறிவிடும். ஒரே ஓர் இதழ், இரண்டு வேறு கதைகள். ஸ்வான் லேக்கில் ஒரு காஸ்ட் மாற்றம் இவ்வளவு ஆழத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை.

உடல் பக்கமும் இரண்டு அங்கமும் இரண்டு ஆளைக் கேட்கின்றன. முதல் அங்கத்தின் தனி நடனத்தில் மேடையின் குறுக்கே இடது காலின் விரல்நுனியிலேயே தத்தித் தத்திப் போக வேண்டும். வலது கால் காற்றில் சின்னச் சின்ன வட்டம் போடும். காலணியின் அடித்தட்டு தளர்ந்திருந்தால் பாதம் முன்னே மடிந்து, தத்தல் பாதியிலேயே நின்றுபோகும். முழங்கால் அதிகம் மடங்கினால் தத்துவது நொண்டுவதுபோல் தெரியும். இரண்டாம் அங்கத்திலோ அவள் ஆவி. அங்கே அதே கெட்டியான காலணி மரப்பலகையில் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பலர் இடைவேளையில் மென்மையான, தட்டித் தட்டிச் சத்தம் குறைத்த ஜோடிக்கு மாறிவிடுவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் காதாலேயே மதிப்பெண் போடலாம். ஆவிகளின் ராணி மிர்த்தாவின் கட்டளைக்கு ஜிசெல் கல்லறையிலிருந்து எழுந்து ஒரு காலை உயர்த்தியபடி சுழன்று குதிக்கும் இடத்தில் வேகத்துக்குப் பயந்து குதியைக் குறைப்பவர்கள் உண்டு. வயோலா தனியிசைக்குக் கால் மெதுவாக உயரும் இடத்தில், சமநிலை தட்டினால் ஒளிந்துகொள்ள ஓர் அடிகூட இல்லை.

மிர்த்தாவையும் மறக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்களின் ஆவிகளான விலிகளுக்கு அவள் ராணி. வெறும் பூரே அடியில், பாதம் நகர்வதே தெரியாமல், மேடையைக் குறுக்கே கடந்துதான் நுழைவாள். உடனே பெரிய தாவல்கள். அங்கே முதுகு குலுங்கினாலோ மூச்சு வாங்குவது தெரிந்தாலோ, அதற்குப் பிறகு ஆல்பிரெக்ட் யாருக்குப் பயப்படுகிறான் என்றே புரியாது. சாகும் வரை ஆடு என்று அவள் விதிக்க, அவன் நின்ற இடத்திலேயே கால்களைக் காற்றில் பின்னிப் பின்னித் துள்ளும் அந்த்ரஷா சீஸ் வரிசையைப் பலர் இப்போது வைக்கிறார்கள். எத்தனை என்று எண்ணுவதைவிட, மேல் உடம்பைப் பாருங்கள். தானாகத் துள்ளுகிறானா, யாரோ துள்ள வைக்கிறார்களா? கைகள் தளர்ந்து, தலை பின்னே சாய்ந்து துள்ளுபவரே நல்ல ஆல்பிரெக்ட்.

யாரை யாரோடு ஒப்பிடலாம் என்றால், லண்டன் ராயல் பாலேவின் பீட்டர் ரைட் தயாரிப்பு நல்ல தொடக்கம். அலினா கொஜொகாரு ஆடிய 2006 பதிவும், நதாலியா ஒசிபோவா ஆடிய 2014 பதிவும் ஒரே மேடையமைப்பு, ஒரே அடிகள். இந்தத் தயாரிப்பில் ஜிசெல் இதயம் வெடித்துச் சாவதில்லை, வாளால் தன்னைக் குத்திக்கொள்கிறாள். கல்லறை தேவாலயத்தில் இல்லாமல் காட்டில் இருப்பதற்கு அது காரணமாகிறது. கொஜொகாரு உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே போகிறார், கடைசியில் நமக்கே அவரைத் தொடப் பயமாக இருக்கும். ஒசிபோவா கோபத்தோடு உடைகிறார். அந்தத் தாவல்களைப் பார்த்த பிறகு, இவ்வளவு உயிர் இருந்த பெண்ணா செத்துப்போனாள் என்ற வலி தனியாக வரும். எனக்கு முதல் அங்கத்துக்குக் கொஜொகாரு, இரண்டாம் அங்கத்துக்கு ஒசிபோவா.

பழையவர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மாஸ்கோவின் போல்ஷோய் பாலே 1956-இல் லண்டன் வந்தபோது கலீனா உலானோவாவுக்கு 46 வயது. அப்போது எடுத்த படப்பதிவில் அவர் ஓடி வரும் விதத்திலேயே பதினாறு வயதுப் பெண் தெரிகிறாள். ஆனால் ஒளிப்பதிவு முகத்துக்கு அருகில் போய்விடும், கால் சத்தத்தைக் குறைத்துவிடும், விலிகள் இருபக்கமிருந்தும் ஒற்றைக் காலில் தத்தியபடி ஒருவரை ஒருவர் ஊடுருவிக் கடக்கும்போது அரங்கத்தில் நெஞ்சில் ஏறும் அந்த அதிர்வைத் தராது. பதிவை வைத்து மட்டும் ஒருவரை ஒருவருக்கு மேல் வைக்க எனக்குத் துணிவில்லை. மாட்ஸ் எக்கின் 1982 வடிவத்தையும், அக்ரம் கானின் 2016 வடிவத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை; அவை தனிப் படைப்புகள்.

டிக்கெட் எடுக்கும்போது சில விஷயங்கள். ஸ்வான் லேக்கில் ஒருவரின் முதல் ஓடெட்-ஓடிலைத் தவிர்க்கலாம். அன்று அவர் நான்கு அங்கத்தையும் மூச்சு வாங்காமல் ஆடி முடித்தாலே பெரிது; மூன்றாவது, நான்காவது முறை ஆடும்போது போங்கள். ஜிசெல்லில் இது தலைகீழ். பகல் காட்சியில் இளம் நாயகி ஒருவர் அறிமுகமாகிறார் என்றால் அதையே பிடியுங்கள், அந்தப் பயமும் புதுமையும் முதல் அங்கத்துக்குப் பொருந்தும். காஸ்ட் பட்டியல் கடைசி நேரத்தில் மாறலாம், காயம் சொல்லிக்கொண்டு வராது. பெரும்பாலான அரங்கங்களில் அதற்குப் பணமும் திரும்ப வராது. ஜிசெல்லில் அப்படி மாறினால் சீட்டை விற்கப் பார்க்காதீர்கள். 1943-இல் நியூயார்க்கில் உடல்நலமில்லாத அலிசியா மார்கோவாவுக்குப் பதிலாக மேடையேறியவர்தான் அலிசியா அலோன்சோ. அவர் பெயரோடு கடைசிவரை ஒட்டியிருந்த வேடம் அது.

மூன்று காஸ்ட் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதல் இரவு அருகில் உட்காருங்கள், இதழும் விரலும் தெரிய வேண்டும். இரண்டாவது இரவு மேலே போங்கள், விலிகளுக்காக. மூன்றாவது இரவு எங்கு உட்கார்ந்தாலும் சரி, கடைசி அரை நிமிடத்தை மட்டும் விடாதீர்கள். விடியல் மணி அடித்து, ஜிசெல் கல்லறைக்குள் மறைந்த பிறகு ஆல்பிரெக்ட் தனியே நிற்பான். சிலர் கையிலிருக்கும் லில்லிப் பூக்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். சிலர் அவள் விட்டுப்போன ஒற்றைப் பூவை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்கள்.