பெட்டியில் 1800, எங்கள் மேஜையில் எவ்வளவு?

80களின் கடைசியில் வந்த சதுரங்கக் கணினி ஒன்றை செகண்ட் ஹேண்டில் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். காயை எடுக்கும் கட்டத்தை ஒருமுறை அழுத்த வேண்டும், வைக்கும் கட்டத்தை இன்னொரு முறை. பதிலுக்கு ஓரத்தில் சிவப்பு விளக்குகள் மினுக்கும். அதன் காயையும் நாம்தான் நகர்த்தி வைக்க வேண்டும். விற்றவர் "எல்லாம் பக்கா சார்" என்றார். வெள்ளை ராஜா பக்கத்து யானையின் மூலைக் கட்டத்தைக் கட்டைவிரலால் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினால்தான் அதற்குக் காது கேட்கிறது. மற்றபடி பலகை நன்றாக இருக்கிறது, காய்களும் கனமானவை.

என் வழக்கு வேறு. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'ஈலோ 1800' என்று போட்டிருக்கிறது. ஈலோ என்பது ஆடுபவரின் பலத்தைச் சொல்லும் எண், கூடினால் பலம் கூட. யாரோடு ஆடி, எந்த நேரக் கணக்கில் வந்த 1800 என்று ஒரு வரி கிடையாது.

நேரக் கணக்கைக் கேட்பது வீம்புக்கு இல்லை. 1998இல் ஆனந்த் ரெபல் 10 என்ற நிரலோடு எட்டு ஆட்டம் ஆடினார். வேக ஆட்டங்கள் ஆறில் கணினிக்கு நாலரைப் புள்ளி, ஆனந்துக்கு ஒன்றரை (ஜெயித்தால் ஒன்று, டிரா என்றால் அரை). நிதானமாக ஆடிய மீதி இரண்டில் ஆனந்த் ஒன்றரை, கணினி அரை. அதே ஆள், அதே நிரல். கிளாக் மட்டும்தான் வேறு.

சரி, நாமே அளந்து பார்ப்போம் என்று கிளப்பில் வைத்தேன். ஃபிடே (உலக சதுரங்கக் கூட்டமைப்பு) கொடுக்கும் ஈலோ ரேட்டிங் உள்ள ஐந்து பேர், ஆளுக்கு நாலு ஆட்டம், நாலு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். அதற்கு நகர்வுக்கு 30 விநாடி. எங்கள் சராசரி 1640. இருபதில் அது எடுத்தது 11 புள்ளி, அதாவது 55 சதவீதம். ஃபிடே அட்டவணைப்படி 55 சதவீதத்துக்கு எதிராளிகளின் சராசரியோடு 36 கூட்ட வேண்டும். ஆக 1676.

அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதி. வாரவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் இரண்டு வாரம் பத்துக்கு ஏழு: 149 கூட்டினால் 1789, பெட்டிக்காரன் சொன்னது கிட்டத்தட்ட சரி. அடுத்த இரண்டு வாரம் பத்துக்கு நாலுதான்: 72 கழித்தால் 1568!

காரணம் எங்கள் ஐவரில் ஒருவரான ட்ரில் மாஸ்டர். முதல் இரண்டு ஆட்டமும் மனிதர் திறந்த ஆட்டம் ஆடி, குதிரையைப் பறிகொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார். மூன்றாவதில் சிப்பாய்களைக் கோர்த்து நடுப்பலகையைச் சுவர் மாதிரி அடைத்துவிட்டார், ஸ்டோன்வால். பெட்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யானையை மூலையிலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு, அங்கிருந்து மறுபடி மூலைக்கு. விளக்கு மினுக்க மினுக்க நாங்கள் அதன் யானையைத் தூக்கித் தூக்கி வைத்தோம். அதற்குள் இவர் குதிரையை நடுவில் நட்டு, ராணியைக் கொண்டுவந்து, அதன் ராஜாவின் வாசலில் நின்றார். அடுத்த வாரம் மற்றவர்களும் அதையே செய்தார்கள். நாம் கற்றுக்கொள்கிறோம், அது தன் நிரலை மாற்ற முடியாத நினைவகச் சிப்பில் (ROM) பதித்த அன்றைக்கே நின்றுவிட்டது. அப்புறம் எந்த எண்ணை அதன் பலம் என்பது?

இருபது ஆட்டத்தில் 150 புள்ளி இப்படி அப்படிப் போவது தற்செயலாகவும் நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடன் கணினிச் சதுரங்கச் சங்கத்தார் தங்கள் கணினி ரேட்டிங் பட்டியலின் மட்டத்தை நிர்ணயிக்க, 1987 முதல் 1991 வரை கணினிகள் மனிதர்களோடு டோர்னமெண்டில் ஆடிய 337 ஆட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் 2000இல் மொத்தப் பட்டியலையும் 100 புள்ளி கீழே இறக்கினார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. 2024 மார்ச் 1 அன்று ஃபிடே, 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தது. 1400 ஒரே நாளில் 1640 ஆனது. அதாவது இதே ஐந்து பேர், இதே இருபது ஆட்டம், பழைய கணக்கில் பெட்டிக்கு 1436தான் வந்திருக்கும். அதற்கு ஒரு பேட்டரிகூட மாற்றவில்லை.

போனில் இருக்கும் இலவச நிரல் இதை ஊதித் தள்ளிவிடும் என்பது தெரிந்ததுதான். ஆனால் 1500லிருந்து 1700க்குள் இருக்கிறவர்களுக்கு, ஜெயிக்கவும் தோற்கவும் இடம் கொடுக்கிற எதிராளி வேண்டுமென்றால் 4,500 தாராளமாகக் கொடுக்கலாம். வாங்கும்போது அறுபத்து நாலு கட்டத்தையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள், நான் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பக்கத்து ஊர் கிளப்புக்குக் கொடுத்து அனுப்புகிறேன், இன்னொரு இருபது ஆட்டத்துக்கு. ஸ்டோன்வால் விஷயத்தை அங்கே மூச்சு விடக்கூடாது என்று ட்ரில் மாஸ்டரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.