வினிகரா, கிளே பாரா, காம்பவுண்டா? கார் பெயின்டின் பிடிவாதக் கறைகளை வீட்டிலேயே எடுக்க ஓர் ஒப்பீடு

ஒரு கறை போகவில்லை என்றால் கை தானாகவே இன்னும் அழுத்தித் தேய்க்கத் தொடங்கும். நானும் அப்படித்தான் செய்தேன். கருப்பு பானெட்டின் நடுவில் காய்ந்து கிடந்த பறவை எச்சத்தைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்தேன். எச்சம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பனி படிந்ததுபோல ஒரு மங்கல் தங்கிவிட்டது. வெயிலில் பார்த்தால் அத்தனையும் மெல்லிய கீறல்கள். பச்சை நாரில் உரசும் துகள்கள் பதிந்திருக்கும். பாத்திரத்துக்கு அது சரி, பெயின்டுக்கு அது உப்புத்தாள்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் இருக்கிறது. தடிமன் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதைவிட மெல்லியது. பளபளப்பைத் தருவதும் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். தேய்த்து எடுத்த கிளியர் கோட் திரும்ப வளராது. அதனால் கறை எடுக்கும் எந்த வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இது கறையைக் கரைக்கிறதா, பிடுங்குகிறதா, அல்லது பெயின்டையே சேர்த்துச் சீவுகிறதா?

முதலில் காரை நிழலில் நிறுத்தி, பானெட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்வரை ஆறவிட்டு, கார் ஷாம்பூவால் நன்றாகக் கழுவுங்கள். பிறகு கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, பெயின்டின் மேல் லேசாக வருடிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்புகூடத் தெரியும். மேடாகத் தட்டுப்பட்டால் கறை மேலே உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தும் விரலுக்கு வழவழப்பாகவோ சிறு பள்ளமாகவோ இருந்தால், கறை போய்விட்டது, அது அரித்த தடம்தான் மிச்சம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பாட்டிலையும் திறக்காதீர்கள்.

எச்சமும் பூச்சியும்

இங்கே போட்டி வெந்நீரில் நனைத்த துணிக்கும் பேக்கிங் சோடா கரைசலுக்கும்தான். என் ஓட்டு வெந்நீருக்கு. மைக்ரோஃபைபர் துணியைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் நனைத்து, எச்சத்தின் மேல் 5 முதல் 10 நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் துடைக்காமல், ஒரு சிட்டிகை எடுப்பதுபோல மேலே தூக்கி எடுங்கள். எச்சத்தில் மணலும் விதைத் துணுக்கும் இருக்கும். அவற்றைப் பெயின்டின் மேல் இழுத்தால் அவையே கீறும். பேக்கிங் சோடா லேசான காரம் என்பதால் எச்சத்தின் அமிலத்தைத் தணிக்கும் என்பது உண்மைதான். ஆனால் முழுக்கக் கரையாத சோடாவில் படிகங்கள் இருக்கும். கரைசலாக ஊற்றினால் பரவாயில்லை, பசையாகக் குழைத்துத் தேய்ப்பது வேண்டாம்.

காய்ந்த பூச்சிக்கும் இதே ஈரத்துணி போதும், கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படும். இரண்டுமே எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. வெயிலில் கிடந்த எச்சம் சில மணி நேரத்திலேயே கிளியர் கோட்டில் தடம் பதித்துவிடும்.

தாரும் மரப்பிசினும்

இரண்டும் ஒட்டும், இரண்டும் கறுக்கும் என்பதால் பலர் இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தேடுகிறார்கள். தார் பெட்ரோலியப் பொருள், அதைக் கரைக்கப் பெட்ரோலியக் கரைப்பான் வேண்டும். மரப்பிசினுக்கு ஆல்கஹால் நன்றாக வேலை செய்யும்.

தாருக்கு மூன்று பேர் போட்டியில் நிற்கிறார்கள்: மண்ணெண்ணெய், டபிள்யூடி-40, கடையில் விற்கும் தார் ரிமூவர். மூன்றுமே வேலை செய்யும். மண்ணெண்ணெயும் டபிள்யூடி-40-ம் ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். அதை ஷாம்பூவால் கழுவாமல் விட்டால் தூசி ஒட்டும், அடுத்துப் பாதுகாப்புக்குப் பூசும் மெழுகான வேக்ஸும் பிடிக்காது. தார் ரிமூவர் இதற்காகவே செய்யப்பட்டது. மேலே தெளித்து ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் தார் பழுப்பாக வழியத் தொடங்கும், பிறகு ஒரே துடைப்பு. கதவின் கீழ்ப்பகுதி முழுக்கப் புள்ளி தெறித்திருந்தால் தார் ரிமூவர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. நாலைந்து புள்ளிதான் என்றால் வீட்டில் இருக்கும் மண்ணெண்ணெயே போதும். எதுவானாலும் ரப்பர் பீடிங்கிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல், துணியில் தொட்டுப் பயன்படுத்துங்கள்.

பெட்ரோல் கூடாது. அதன் ஆவி ஒரு சின்னப் பொறியில் பற்றிக்கொள்ளும். தின்னரும் அசிட்டோனும் கூடாது. முன்பு எப்போதோ மறுபெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் அவை பெயின்டையே இளக்கிவிடும்.

பிசினுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத்தான் சொல்வேன். அது சட்டென்று ஆவியாகிவிடும் என்பதால் தெளித்தால் வீண். நனைத்த துணியைப் பிசின் மேல் அரை நிமிடம், ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த கை சானிடைசர் ஜெல் இந்த இடத்தில் அதையும் முந்துகிறது. ஜெல்லாக இருப்பதால் செங்குத்தான கதவிலும் வழியாமல் நிற்கும், மெதுவாகக் காயும். கல்லாக இறுகிய பிசினை நகத்தாலோ அட்டையாலோ நெம்பாதீர்கள். இரண்டு மூன்று சுற்று இளக்கினால் அதுவாகவே வரும். வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், ஆல்கஹால் அங்கிருந்த வேக்ஸையும் எடுத்திருக்கும்.

உப்புத் தண்ணீர்க் கறை

வட்ட வட்டமாக வெள்ளை வளையங்கள். தண்ணீர் ஆவியாகும்போது அதிலிருந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மட்டும் தங்கிவிடுகின்றன. ஷாம்பூ இவற்றை அசைக்காது, அமிலம்தான் கரைக்கும்.

வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதே அளவு உப்பில்லாத காய்ச்சி வடித்த நீரைக் கலந்து, நனைத்த துணியை வளையத்தின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து எடுத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் புதிய கறைகளில் பெரும்பகுதி போய்விடும். தனியாக விற்கும் வாட்டர் ஸ்பாட் ரிமூவர்களில் பலவும் அமிலம்தான், அவற்றில் சில வினிகரைவிட வலிமையானவை. மாதக்கணக்கில் படிந்த உப்புக்கு அவை தேவைப்படலாம். இரண்டிலும் ஆபத்து ஒன்றுதான்: பெயின்டின் மேல் காயவிடுவது. சூடான பானெட்டில் வினிகரைத் தெளித்துவிட்டுத் துணி எடுக்கப் போனீர்கள் என்றால், திரும்பி வருவதற்குள் அது காய்ந்து புதிய தடத்தை உண்டாக்கியிருக்கும். ஆகவே முதலில் வினிகர், இரண்டு தடவை முயன்றும் அசையவில்லை என்றால் மட்டும் ரிமூவர். உப்பு கரைந்த பிறகும் வளையம் தெரிந்தால் அங்கே கிளியர் கோட் அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் அமிலம் ஊற்றிப் பயனில்லை.

கிளே பாரும் அயர்ன் ரிமூவரும்

கிளே பார் என்பது பெயின்டில் ஒட்டிய துகள்களைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டி; அயர்ன் ரிமூவர் இரும்புத் துகள்களைக் கரைக்கும் திரவம். பலர் இவற்றில் ஒன்றைத்தான் வாங்குகிறார்கள், பெரும்பாலும் கிளே பாரை. நானும் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கியபோது அதைத்தான் செய்தேன். கதவுகளிலும் பின்புறத்திலும் குண்டூசி முனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தன. கிளே பார் போட்டதும் பெயின்ட் கண்ணாடிபோல வழவழவென்று ஆகிவிட்டது, புள்ளிகளும் மறைந்தன. சில வாரங்களில் அதே இடங்களில் அதே புள்ளிகள் திரும்ப வந்தன.

காரணம் எளிது. அவை பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறந்துவரும் இரும்புத் துகள்கள். கிளியர் கோட்டில் குத்தி நின்று துருப்பிடிக்கின்றன. கிளே பார் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடித்து இழுக்கிறது. சில துகள்கள் முழுதாக வரும், சிலவற்றில் தலை மட்டும் போய் வேர் உள்ளேயே தங்கிவிடும். ஈரம் பட்டதும் அந்த வேர் மறுபடி துருப்பிடிக்கும். அயர்ன் ரிமூவரில் இருப்பது பெரும்பாலும் தயோகிளைகோலேட் என்ற சேர்மம். இரும்போடு வினைபுரிந்து, தண்ணீரில் கரையும் ஊதா நிறப் பொருளாக மாற்றிவிடும். தெளித்த சில நிமிடங்களில் வெள்ளைக் கதவில் ஊதாக் கோடுகள் வழிவதைப் பார்த்தபோதுதான் எவ்வளவு இரும்பு உள்ளே இருந்தது என்று எனக்குப் புரிந்தது. கந்தக வாடை கடுமையாக இருக்கும். திறந்த வெளியில், கையுறை போட்டுச் செய்ய வேண்டும். இதையும் காயவிடக் கூடாது.

ஆனால் அயர்ன் ரிமூவர் இரும்பைத் தவிர வேறெதையும் பெரிதாகத் தொடாது. காற்றில் பறந்துவந்து படிந்த பெயின்ட் தூசி, பிசின் மிச்சம், மற்ற அழுக்குத் துகள்கள் எல்லாவற்றுக்கும் கிளே பார்தான். எனவே இங்கே வெற்றி தோல்வி இல்லை, வரிசைதான் இருக்கிறது: முதலில் அயர்ன் ரிமூவர், கழுவிய பிறகு கிளே பார். ஒன்றுதான் வாங்க முடியும், புள்ளிகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கின்றன என்றால் அயர்ன் ரிமூவரை வாங்குங்கள்.

கிளே பார் போடும்போது அதற்கான லூப்ரிகன்டை, அதாவது வழுக்கலுக்கான திரவத்தை, தாராளமாகத் தெளியுங்கள். கட்டி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஒட்டி இழுக்கக் கூடாது. அழுத்தம் தேவையே இல்லை. அழுக்குப் பட்டதும் மடித்துப் பிசைந்து புதிய பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்தால் எவ்வளவு புதிய கட்டியாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டிய ஒரு மணல் துகள் போதும் பெயின்டைக் கோடு போட. கருப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் கிளே பாரே லேசான மங்கலை விடலாம். அதனால் அந்த நிறக் கார்களில் தேவைப்படும் இடத்தில் மட்டும் போடுவது நல்லது.

பற்பசையும் காம்பவுண்டும்

இதுவரை சொன்னவை எல்லாம் பெயின்டை விட்டுவிட்டுக் கறையை எடுப்பவை. இனி வருபவை பெயின்டையே ஒரு சீவு சீவுபவை. எச்சம் விட்ட தடம், உப்பு அரித்த வளையம், இன்னொரு வண்டி உரசி ஒட்டிய பெயின்ட், இவற்றுக்கு மட்டும்தான் இந்த வழி.

பற்பசை வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். அதிலும் உரசும் துகள்கள் உண்டு, மெல்லிய தடத்தை அது மறைக்கும். ஆனால் அந்தத் துகள்கள் பல்லின் எனாமலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கிளியர் கோட் ஒரு பிளாஸ்டிக் படலம்தான், எனாமலைவிட எவ்வளவோ மென்மையானது. எந்தப் பசையில் எவ்வளவு கரடான துகள் என்பதும் ட்யூபைப் பார்த்தால் தெரியாது, பற்களை வெண்மையாக்கும் வகைகளில் உரசல் அதிகமாக இருக்கலாம். மேலும் அது சீக்கிரம் காய்ந்து இழுக்கத் தொடங்கும். காம்பவுண்டும் (கரடான தேய்ப்புப் பசை) பாலிஷும் (அதைவிட மென்மையானது) பெயின்டுக்காகவே தரம் பிரிக்கப்பட்டவை. வேலைக்கு ஏற்பக் கரடான வகை, மென்மையான வகை என்று தேர்ந்தெடுக்கலாம். சிலவற்றில் தேய்க்கத் தேய்க்கத் துகள்களே உடைந்து மென்மையாகிக்கொண்டு வரும். பற்பசையால் கிடைப்பது ஒரு கறைக்குப் பதில் ஒரு மங்கல் திட்டு. பணம் மிச்சம் என்று தோன்றும், கடைசியில் அந்த மங்கலை எடுக்கவே பாலிஷ் வாங்க வேண்டியிருக்கும். மெலமைன் ஸ்பாஞ்சுக்கும் இதே தீர்ப்புதான். மென்மையாகத் தெரிந்தாலும் அது நுண்ணிய உப்புத்தாள்.

எப்போதும் மென்மையான பாலிஷில் தொடங்குங்கள். ஃபோம் பேடில் பட்டாணி அளவு எடுத்து, ஓர் உள்ளங்கை அகல இடத்தில் மிதமான அழுத்தத்தில் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட், அதன் பிறகு மறுபடி பாலிஷ். விரல் நுனியால் நேரடியாக அழுத்தினால் அந்த இடம் மட்டும் ஆழமாகச் சீவப்படும், பேட் கட்டாயம் வேண்டும். கதவு விளிம்பிலும் பானெட்டின் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே போகாதீர்கள்.

துணியில் காரின் நிறமே ஒட்டுகிறதா? அந்தக் காரில் கிளியர் கோட் இல்லாமல் இருக்கலாம், அல்லது கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். எதுவானாலும் கையை நிறுத்துங்கள்.

கையா மெஷினா என்றால், ஒன்றிரண்டு புள்ளிக்குக் கையே போதும். பானெட் முழுக்க வளையம் என்றால் டூயல் ஆக்ஷன் பாலிஷர் நல்லது, ஒரே இடத்தில் நிற்காமல் அலைந்து சுற்றுவதால் சூடு குறைவு. ரோட்டரி மெஷின் வேகமானது, ஆனால் பழகாத கையில் சில நொடிகளில் பெயின்டைச் சுட்டுவிடும். வீட்டில் அது வேண்டாம். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயின்டில் மெஷினும் கூடாது, காம்பவுண்டும் கூடாது, கிளே பாரும் கூடாது. தேய்த்த இடம் பளபளக்கத் தொடங்கினால் அதைத் திரும்ப மேட்டாக்க வழியே இல்லை.

நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான தடம் என்றால் நான் தொடுவதில்லை. அதன் அடிவரை சீவினால் அங்கே கிளியர் கோட்டே மிஞ்சாது. என் கருப்பு பானெட்டில் அப்படி ஒரு தடம் இன்னும் இருக்கிறது. சுற்றியிருந்த கீறல்களை பாலிஷ் எடுத்துவிட்டது, தடத்தின் விளிம்பும் மழுங்கி, குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால்தான் தெரிகிறது. அதற்கு மேல் அன்றைக்கே வேக்ஸ் பூசினேன், சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பூசுகிறேன்.