ஈகிள் ஸ்கவுட் புராஜெக்ட் பணிப்புத்தகம்: கையெழுத்து கேட்காத பக்கங்களில்தான் விஷயமே இருக்கிறது

அமெரிக்காவில் பிள்ளையை ஸ்கவுட்டில் சேர்த்த வீடுகளில், லைஃப் ரேங்க் கைக்கு வந்ததும் அடுத்த பேச்சு, ஸ்கவுட்டின் உச்சப் படியான ஈகிளுக்குப் பிள்ளை செய்ய வேண்டிய சேவைப் பணி, அதாவது ஈகிள் புராஜெக்ட்தான். அதற்கென்று ஸ்கவுட்டிங் அமெரிக்கா (2025 பிப்ரவரி வரை பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா) வெளியிடும் பணிப்புத்தகத்தின் எண் 512-927. காசு கிடையாது, இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். இதற்குப் பதிலாகச் சொந்தமாக ஒன்றை அடித்துக் கொடுக்க முடியாது. ஆகவே வாங்கலாமா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. எதை எங்கே எழுதுவது, எந்த இடத்தில் இது காலை வாரிவிடும் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதல் தொல்லை கோப்பைத் திறப்பதிலேயே தொடங்கும். இது சாதாரண பி.டி.எஃப் இல்லை, நிரப்பும் வகை. பிரவுசரில் அப்படியே திறந்தால் "காத்திருக்கவும்" என்று ஒரு பக்கம் மட்டும் வந்து நிற்கும், அல்லது எழுதியது சேமிப்பில் ஏறாது. முதலில் கணினியில் இறக்கி, பெயர் மாற்றிச் சேமித்து, பிறகு அடோபி ரீடரில் திறக்க வேண்டும். பள்ளியில் கொடுத்த குரோம்புக்கிலும் ஃபோனிலும் போராடிப் பயனில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த ஒரு கோப்பு அவர்கள் கையில் இருக்கும் கருவியில் திறக்காது என்பது பெரிய குறை. மதிப்பெண் குறைக்க வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உள்ளே நான்கு பகுதிகள்: முன்மொழிவு, திட்டம், நிதி திரட்டும் விண்ணப்பம், அறிக்கை. ஈகிளுக்கு 21 மெரிட் பேட்ஜ் (ஒவ்வொரு துறையிலும் கற்றதற்கான சின்னம்), லைஃப் ரேங்கில் ஆறு மாதம் ட்ரூப்பில் (பிள்ளை சேர்ந்திருக்கும் உள்ளூர் ஸ்கவுட் குழு) பொறுப்பு என்று மற்ற நிபந்தனைகள் தனியாக இருக்கின்றன. இந்தப் புத்தகம் 5-ஆம் நிபந்தனைக்கு மட்டும்தான்: லைஃப் ஸ்கவுட்டாக இருக்கும்போது, ஒரு மத நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படும் சேவையைத் திட்டமிட்டு, மற்றவர்களை வழிநடத்திச் செய்து முடிப்பது. கோயிலுக்குச் செருப்பு ஸ்டாண்டு செய்து கொடுக்கலாம், பூங்காவில் அறிவிப்புப் பலகை நடலாம். ஸ்கவுட் அமைப்புக்கே செய்துகொள்வதும், ஏதாவது ஒரு கடைக்குச் செய்து கொடுப்பதும் ஆகாது. வெறுமனே பணம் திரட்டிக் கொடுப்பதும் புராஜெக்ட் ஆகாது.

முன்மொழிவுப் பகுதி நன்றாகவே வடிவமைத்திருக்கிறார்கள். படித்துப் பார்ப்பவர் ஐந்து விஷயம் தேடுவார்: நிபந்தனையை நிறைவேற்ற இதில் போதுமான வேலை இருக்கிறதா, நடக்கக்கூடிய காரியமா, பாதுகாப்பை யோசித்தாயிற்றா, அடுத்து விரிவாகத் திட்டமிடும் படிகள் எழுதியிருக்கிறதா, பிள்ளை சரியான பாதையில் போகிறதா. இவ்வளவுதான். ஆணி எத்தனை என்று இந்தக் கட்டத்தில் யாரும் கேட்கக்கூடாது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். அப்பா உட்கார்ந்து நாற்பது வரி எக்ஸல் போட்டு இங்கேயே ஒட்டிவிடுவார். கையெழுத்துப் போடுகிறவர் அதைப் பார்த்ததும் யார் கைவேலை என்று தெரிந்துகொள்வார். பிள்ளையிடம் நேராக இரண்டு கேள்வி கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

பிள்ளை உறுதிமொழியில் கையெழுத்திட்ட பிறகு நான்கு ஒப்புதல் வேண்டும்: ட்ரூப் தலைவர், ட்ரூப் கமிட்டி, பயன்பெறும் நிறுவனம், கடைசியாகக் கவுன்சில் அல்லது டிஸ்ட்ரிக்ட் (ட்ரூப்புகளுக்கு மேலே இருக்கும் வட்டார ஸ்கவுட் அமைப்புகள்). இந்த நான்கும் வருமுன் வேலையைத் தொடங்கக்கூடாது, பணம் திரட்டவும் கூடாது. கோயில் என்றால் ஒரு எச்சரிக்கை. தன்னார்வக் கமிட்டிகள் ஆண்டுக்கு ஒருமுறை மாறும். முன்மொழிவில் ஒருவர் கையெழுத்திட்டு, அறிக்கைக்கு வேறொருவர் வந்தால், "இந்த அளவு நாங்கள் கேட்கவே இல்லையே" என்ற பேச்சு வரும். என்ன அளவு, எந்தச் சுவர், யார் பராமரிப்பு என்பதை மின்னஞ்சலில் வாங்கி இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது பகுதியான திட்டத்துக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை. அதனால்தான் பாதிப் பேர் இதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள், வேலை நாளில் மாட்டிக்கொள்கிறார்கள். புத்தகத்தின் உண்மையான மதிப்பு இந்தப் பக்கங்களில்தான். பொருள்களை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது: செய்து முடித்ததில் நிலைத்து நிற்பவை (மரம், ஆணி, பெயின்ட்), வேலையில் தீர்ந்துபோகிறவை (மாஸ்கிங் டேப், குப்பைப் பை, சாப்பாடு), கருவிகள். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் நன்கொடை கேட்கப் போகும்போது இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

மேலே சின்னக் கூரை வைத்த அறிவிப்புப் பலகையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு 4x4 தூண், ஒவ்வொன்றுக்கும் 10 அங்குல விட்டம், 3 அடி ஆழத்தில் குழி. அடியில் 6 அங்குலம் ஜல்லி. மிச்ச இரண்டரை அடியில், தூண் அடைக்கும் இடத்தைக் கழித்தால் (4x4 என்று விற்பது உண்மையில் மூன்றரை அங்குலம்தான்) ஏறக்குறைய 1.15 கன அடி கான்கிரீட் பிடிக்கும். 80 பவுண்டு மூட்டை ஒன்று 0.6 கன அடி தரும். குழிக்கு இரண்டு மூட்டை, மொத்தம் நான்கு. இதை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் பற்றாது. பிள்ளைகள் மண்வெட்டியால் தோண்டும்போது வாய் அகன்று குழி 12 அங்குலமாகிவிடும். அப்போது குழிக்கு மூன்று மூட்டை. ஆறாக வாங்கிவிட்டு மிஞ்சியதைத் திருப்பிக் கொடுப்பது நல்லது. குளிர் கடுமையான மாநிலங்களில் மண் உறையும் ஆழம் 3 அடியைத் தாண்டும், அங்கே இந்தக் கணக்கே மாறும். தூண் தரையில் புதைவதற்கென்று பதப்படுத்திய மரமாக இருக்க வேண்டும். கான்கிரீட் இறுகும் முன்பே அதே மாலையில் கூரையை ஏற்றினால் தூண் சாயும், அதனால் இதை இரண்டு வார இறுதிகளாகப் பிரித்து, படிகள் கேட்கும் இடத்தில் எழுத வேண்டும். அனுமதிகள் கேட்கும் இடத்தில் 811 என்று எழுதுங்கள். நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துக்கொடுக்கும் இலவச எண் அது. கூப்பிட்ட அன்றே வரமாட்டார்கள், சில வேலை நாள்கள் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். கட்டட அனுமதி வேண்டியிருந்தால் அது பயன்பெறும் நிறுவனத்தின் பொறுப்பு.

எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வாய் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோரும் "மழை வந்தால் அடுத்த வாரம்" என்று எழுதுவார்கள். ஐந்து பேர் மட்டும் வந்தால் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அது மழையைவிட அடிக்கடி நடப்பது.

தலைமை பற்றிய பகுதியை அலட்சியமாக நிரப்பாதீர்கள். பிள்ளை தவிர இரண்டு பேராவது இருந்தால் போதும், அவர்கள் ஸ்கவுட்டாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எத்தனை மணி நேரம் என்ற கட்டாயமும் கிடையாது. "நூறு மணி நேரம் வேண்டும்" என்று யாராவது சொன்னால் அது ஊர்ப் பேச்சு. அறிக்கையில் கேட்கும் மணிக்கணக்கு புள்ளிவிவரத்துக்காக மட்டும். நாள் முழுக்க டிரில்லைப் பிள்ளையே பிடித்துக்கொண்டு, பத்துப் பேர் வேடிக்கை பார்த்தால்தான் சிக்கல். யாருக்கு எந்த வேலை, அதற்கு என்ன திறமை, பெரியவரா சிறியவரா என்று அட்டவணை கேட்பது அதற்காகத்தான். செயின்சா போன்றவற்றைப் பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரும் தொடக்கூடாது. மரத்தைக் கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கிவந்தால் பாதித் தலைவலி தீரும்.

நிதி விண்ணப்பம் எல்லோருக்கும் தேவைப்படாது. பிள்ளை, பெற்றோர், உறவினர், ட்ரூப், ட்ரூப்பை நடத்தும் நிறுவனம், ட்ரூப்பின் மற்றக் குடும்பங்கள், பயன்பெறும் நிறுவனம் ஆகியோர் கொடுப்பதற்கு விண்ணப்பம் வேண்டாம். வெளியே கை நீட்டினால் வேண்டும். பலர் தவறவிடுவது: கடையில் இலவசமாக மரம் கேட்பதும் இதில் சேரும், ரொக்கம் மட்டுமில்லை. திரட்டத் தொடங்கும் முன் இரண்டு வாரமாவது விட்டுக் கவுன்சிலில் கொடுங்கள். மிஞ்சும் பணம் பயன்பெறும் நிறுவனத்துக்கே போகும் என்பதை நன்கொடையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அறிக்கைப் பகுதி சுமார் ரகம். எது நன்றாக நடந்தது, எது கடினம், திட்டத்திலிருந்து எது மாறியது என்று கேட்கிறது. மாற்றங்களை மறைக்க வேண்டாம். மாறாத புராஜெக்ட் என்று ஒன்று கிடையாது, ரிவ்யூ போர்டில் (ஈகிள் கொடுக்கலாமா என்று கடைசியில் பிள்ளையிடம் பேசி முடிவெடுக்கும் குழு) உட்காருகிறவர்களுக்கும் அது தெரியும். இங்கே பயன்பெறும் நிறுவனமும் ட்ரூப் தலைவரும் கையெழுத்திட வேண்டும். வேலைக்கு முன்பு எடுத்த படம் இல்லாமல் போவது அடிக்கடி நடப்பதால், முன்மொழிவு எழுதும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. முன்மொழிவுக்கும் திட்டத்துக்கும் முழு மதிப்பெண், கோப்புக்குக் கழிவு. திட்டப் பகுதியை ஒருவராவது பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று வைத்திருந்தால் நாலரை கொடுத்திருக்கலாம். அது வரை, முடித்த திட்டத்தைப் புராஜெக்ட் கோச் (புராஜெக்டுக்கு ஆலோசனை சொல்லும் பெரியவர்) ஒருவரிடம் காட்டுவது கட்டாயமில்லை என்றாலும் காட்டிவிடுங்கள். நாள்காட்டியில் வட்டமிட வேண்டிய தேதி பதினெட்டாவது பிறந்தநாள். புராஜெக்ட், பேட்ஜ், ஸ்கவுட்மாஸ்டர் சந்திப்பு எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும், ரிவ்யூ போர்டு மட்டும் பிறகு நடக்கலாம். கோடையில் பிறந்த பிள்ளை என்றால், ஜனவரியில் தொடங்குவது தாமதம்.