ஒப்பிட்டுப் பேசக் கற்றுத்தந்த மாலை வகுப்பு: ஒரு மதிப்பீடு

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுள் ஒன்றில் இருக்கும் ஜவுளிக்கடையில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கோயிலுக்கு வரும் வெளிநாட்டவர்கள் கடைக்குள் நுழைந்தால் அவர்களோடு ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும். விலையையும் அளவையும் சொல்வதில் எனக்குத் தடை இருந்ததில்லை. ஒரு துணியை இன்னொரு துணியோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் நாக்கு நின்றுவிடும். அதற்காகவே சென்ற ஆண்டு 10 வார ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். குறைகளையும் சொல்லப் போவதால் அந்த நிலையத்தின் பெயரை எழுதவில்லை. ஒப்பீட்டுப் பெயரடைகளுக்கென்று அவர்கள் ஒதுக்கிய மூன்று வாரங்களைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

பள்ளியில் இந்தப் பாடம் எனக்கு 'குட், பெட்டர், பெஸ்ட்' என்ற மனப்பாட அட்டவணையாகத்தான் வந்து சேர்ந்தது. இங்கே ஆசிரியை கரும்பலகைப் பக்கமே போகாமல், மேசைமேல் இரண்டு துண்டுகளை வைத்து, "இரண்டையும் தூக்கிப் பார்த்துச் சொல்லுங்க அண்ணே, எது கனம்?" என்று கேட்டார். நான் 'திஸ் ஒன் இஸ் ஹெவியர் தேன் தட் ஒன்' என்று தொடங்கியபோது, 'ஹெவியர்' என்ற சொல்லோடு என்னை நிறுத்திவிட்டார். இரண்டு பொருளும் கண்முன் இருக்கும்போது, 'விட' என்று பொருள்படும் 'தேன்' என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை என்றும், அன்றாடப் பேச்சில் அது இல்லாமலேயே எத்தனையோ ஒப்பீடுகள் வருகின்றன என்றும் விளக்கினார். 'டூ யூ ஹேவ் எ பிக்கர் சைஸ்?', 'எனிதிங் சீப்பர்?', 'எ லைட்டர் கலர், ப்ளீஸ்' ஆகிய மூன்றையும் 11 ஆண்டுகளாக நாள்தோறும் கேட்டு, சரியான துணியை எடுத்துப் போட்டுக்கொண்டும் இருந்தேன். ஆனால் பள்ளியில் பயந்து ஒதுங்கிய அந்தப் பாடம்தான் இது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

நம்மவர்கள் ஏன் 'மோர் பெட்டர்', 'மோர் சீப்பர்' என்று சொல்லிவிடுகிறோம் என்பதற்கு அவர் கொடுத்த விளக்கத்தை இந்த வகுப்பின் உயிர்நாடி என்பேன். தமிழில் ஒப்பிடும்போது பண்பைக் குறிக்கும் சொல் உருமாறுவதில்லை. 'இந்தச் சேலை அந்தச் சேலையைவிட மெல்லிசு' என்றால் 'மெல்லிசு' அப்படியே இருக்கிறது. ஒப்பீட்டின் பாரம் முழுவதையும் 'விட' சுமக்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்குத் தமிழாசிரியர்கள் காட்டும் 'காக்கையின் கரிது களம்பழம்' (காக்கையைவிடக் கருப்பு களாப்பழம்) என்ற எடுத்துக்காட்டிலும் 'இன்' உருபுதான் வேலை செய்கிறது, 'கரிது' மாறவில்லை. ஆங்கிலமோ சொல்லையே மாற்றிவிடுகிறது. 'இன்னும் நல்லது', 'இன்னும் மலிவு' என்று நினைத்துப் பழகிய நமக்கு அந்த 'இன்னும்' என்பதை எங்காவது வைத்தாக வேண்டும் என்று தோன்றுவதால், அது 'மோர்' ஆகி, ஏற்கெனவே மாறிவிட்ட சொல்லின் முன்னால் போய் நின்றுகொள்கிறது. காரணம் தெரிந்த பிறகு அந்தத் தவறு என்னிடமிருந்து இரண்டே வாரத்தில் விலகியது.

எந்தச் சொல்லுக்கு 'அர்' சேரும், எதற்கு 'மோர்' வரும் என்ற விதியை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்; அதற்கு அவ்வளவு போதும். உச்சரிப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம்தான் எனக்குப் பெரிதும் பயன்பட்டது. 'லாங்' என்ற சொல்லின் முடிவில் ககர ஒலி கேட்பதில்லை, ஆனால் 'லாங்கர்' என்னும்போது நம் 'சங்கு' என்ற சொல்லில் வருவது போன்ற அழுத்தமான ஒலி வந்துவிடுகிறது. 'யங்கர்', 'ஸ்ட்ராங்கர்' இரண்டும் அப்படியே. பாடகரைக் குறிக்கும் 'சிங்கர்' போன்ற சொற்களிலோ அந்த ஒலி கிடையாது.

'வெரி பெட்டர்' என்பது பிழை, 'மச் பெட்டர்' என்றோ 'எ லிட்டில் பெட்டர்' என்றோ சொல்ல வேண்டும் என்பதையும் கடைப்பேச்சு வழியாகவே பழக்கினார். 'எல்டர்' என்பதோடு 'தேன்' சேராது, 'ஓல்டர்' என்பதோடுதான் சேரும். 'சீனியர்', 'ஜூனியர்' போன்ற லத்தீன் வழிச் சொற்களுக்கு 'டு' வரும். எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃப்யூவர்' என்பதுதான் இலக்கண நூல்கள் வலியுறுத்தும் வழக்கு என்றாலும், ஆங்கிலேயர்களே அங்கே 'லெஸ்' என்று சொல்வதுண்டு. பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் இருந்த 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகை கண்டனத்துக்கு உள்ளாகி, 2008இல் 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாறிய செய்தியை அவர் சொன்னபோது வகுப்பில் பலருக்கும் பயம் தெளிந்ததைப் பார்த்தேன்.

குறைகளுள் முதலாவது, 64 பக்கக் குறிப்பேடு. 'தேன்' வர வேண்டிய இடத்தில் எழுத்துப் பிழையால், 'பிறகு' என்று பொருள்படும் 'தென்' என்று இரண்டு பக்கங்களில் அச்சாகியிருக்கிறது. புதிதாகப் படிப்பவர் அதையே சரி என்று எடுத்துக்கொள்வார். அதைவிட என் மனத்தை வருத்தியது 23ஆம் பக்கம். இரண்டு பெண்களின் படத்தைப் போட்டு, யார் 'ஃபேரர்' என்று நிரப்பச் சொல்லும் பயிற்சி அது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவி அந்தக் கோட்டை நிரப்பாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டார். நிறத்தை ஒப்பிட நூலும் துணியும் பூவும் இருக்கும்போது பெண்களின் முகம் எதற்கு?

ஒரே தொகுதியில் 32 பேரைச் சேர்த்திருந்ததால், ஒரு மணி நேரத்தில் ஒருவர் வாய் திறக்க இரண்டு வாய்ப்புகூடக் கிடைப்பது அரிது. இன்னொன்று, ஆசிரியை 'தேன்' என்பதை எப்போதும் நிறுத்தி அழுத்திச் சொல்லிப் பழக்கினார். வேகமான பேச்சில் அது 'தன்' என்று தேய்ந்து ஒலிக்கும் என்பதை வகுப்பு முடிந்த பிறகு வாடிக்கையாளர்களிடமிருந்துதான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனாலும் கொடுத்த பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். வகுப்பு முடிந்த அடுத்த மாதம் ஓர் அம்மையார் இரண்டு பருத்திச் சேலைகளை மாறிமாறித் தடவிப் பார்த்துவிட்டு, 'விச் இஸ் சாஃப்டர்?' என்று கேட்டார். 'திஸ் ஒன் இஸ் எ பிட் சாஃப்டர், பட் தட் ஒன் லாஸ்ட்ஸ் லாங்கர்' என்று யோசிக்காமல் என் வாயில் வந்தது. அவர் இரண்டாவது சேலையை எடுத்துக்கொண்டார்.

ஹோட்டல், கடை, டாக்ஸி என்று மக்களோடு நேரடியாகப் பேசும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன்; தேர்வுக்காக எழுத்து இலக்கணம் வேண்டுபவர்களுக்கு இது போதாது. சேருபவர்கள் 20 பேருக்கு மேற்படாத தொகுதியாகக் கேட்டு வாங்குங்கள். 23ஆம் பக்கத்தை மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீங்களும் கேளுங்கள்.